பங்களாவில் இருந்தவர்கள்

மகன் அதைச் சொன்னபோது அவள் வாயில் சோறு இருந்தது.

அப்பா வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்தார் என்றான். மீன் குழம்பைத் தள்ளி வைத்துக்கொண்டே சொன்னான். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அவள் மென்று விழுங்கினாள்.

அவள் புருஷன் சவரிமுத்து மேனேஜர் பங்களாவின் சமையற்காரர். கடைசி வரைக்கும் சமையற்காரர்.

கிளமென்ட் அம்மாவைப் பார்க்கவில்லை. விருந்தாளியின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தான்.

கோயம்புத்தூருக்கு வெளியே, மலை தெரிகிற மாதிரி கட்டிய வில்லாக்கள். எல்லாம் ஒரே வெள்ளை. வாசலில் எந்தக் கார் நிற்கிறது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். குடிவந்த புதிதில் கிளமென்ட் காரை மாற்றினான். அப்புறம் ஒரு வெளிநாட்டு நாய் வாங்கினான்.

இப்போது கிளப்.

அந்தக் கிளப்பில் பணம் இருந்தால் மட்டும் சேர்க்க மாட்டார்கள். எந்தக் குடும்பம் என்று பார்ப்பார்கள். கமிட்டியில் வசுந்தரா சொன்னால் சொன்னதுதான். அந்த வசுந்தராதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் மருமகள் வந்து பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். கேட்டால் மட்டும் பேசினால் போதும் அத்தை என்றாள்.

என்ன கேட்பார்கள் என்று சொல்லவில்லை.

வசுந்தரா நல்ல பெண். அதுதான் கஷ்டமாக இருந்தது. சின்ன வயதில் அவளுடைய அப்பா அவளை வால்பாறைக்குக் கூட்டிப்போவாராம். பங்களாக்களை ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரியாம். உள்ளே எப்படி இருக்கும் என்று ஆசையாகக் கேட்டாள்.

கிளமென்ட்டின் கை தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி நின்றது.

அவள் மகனின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற முகம். ஐம்பது வயதில் அதே முகம்.

சொல்ல ஆரம்பித்தாள்.

முன்னறையில் கணப்பு உண்டு. மழைக்காலத்தில் பகலிலும் எரியும். சாப்பாட்டு மேஜை இதைவிட நீளம். பின்பக்கம் ரோஜாச் செடிகள். இரண்டு நாய்கள், அதில் ஒன்றுக்குக் காது கேட்காது. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்துவிடும். துணி காயவே காயாது.

ஒன்றும் பொய் இல்லை. அந்த மேஜையைத் தினமும் துடைத்தவள் அவள்தான்.

யாருடைய மேஜை என்பதை மட்டும் சொல்லவில்லை.

கிளமென்ட்டின் தோள் தளர்ந்தது. எழுந்து வந்து, அம்மாவின் தட்டில் தன் கையால் சோறு போட்டான். இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அவன் அப்படிச் செய்ததில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷமாக இருந்ததே என்று கூசியது.

மேனேஜர் துரை வீட்டில் விருந்து நடந்தால், மீந்த புட்டிங்கை சவரிமுத்து இலையில் மடித்துக்கொண்டு வருவார். பையன் தூங்கிவிட்டால் எழுப்பிக் கொடுப்பார். துரையின் மனைவி காலில் விழுந்துதான் கான்வென்ட்டில் அவனுக்கு இடம் வாங்கினார். விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வசுந்தரா கேட்டாள், "அவ்வளவு பெரிய பங்களான்னா வேலைக்கு நிறைய ஆளுங்க இருந்திருப்பாங்களேம்மா?"

அவள் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தாள்.

"ஒரு சமையக்காரர் இருந்தாரு. சவரிமுத்துன்னு பேரு."

கிளமென்ட் சாப்பிடுவதை நிறுத்தினான்.

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஹாலில் படம் கிடையாது. அவள் அறையில், பீரோவுக்குள் இருக்கிறது.

நிறுத்த நினைத்தாள். முடியவில்லை. அவர் வைக்கிற ஆட்டுக்கறி ஸ்டூவுக்காகவே பக்கத்து எஸ்டேட் துரைகள் வருவார்கள் என்றாள். யாரிடமும் குரலை உயர்த்தாதவர் என்றாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவார், மேஜையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்றாள். பங்களாவைப் பற்றிச் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னாள்.

வசுந்தரா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இருக்கிறாரா என்றாள்.

இல்லை. ஒருநாள் காலை, பங்களா அடுப்புக்கு முன்னாலேயே விழுந்தார்.

மருமகள் எழுந்தாள். பாயசம் கொண்டு வரட்டுமா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"அவருக்குப் பிள்ளைங்க யாராச்சும் உண்டுங்களா?"

வசுந்தரா உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

காத்திருந்தாள்.

அவன் நிமிரவில்லை.

"ஒரு பையன் இருந்தான்மா."

வசுந்தராவின் கண் கலங்கிவிட்டது. மேஜைக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் எப்படி இறந்துபோனான் என்று கேட்கவில்லை. அவ்வளவு பண்பு.

அவள் அதைத் திருத்தவில்லை.

கிளமென்ட்டும் திருத்தவில்லை.