பாய்மரத்தை ஒட்டி நிற்பவர்

ஸ்டுடியோ சங்கரபாண்டியன் இருட்டறையில் மூன்றாவது போட்டோத் தாளை மருந்துத் தட்டில் அமிழ்த்துகிறார். தகரக் கூரையில் உச்சிவெயில் காய்கிறது. மருந்து சூடேறி, முதல் இரண்டு தாள்களிலும் முகம் கரியாகிவிட்டது. இந்தத் தடவை அவர் விடுவதாயில்லை. சலேத்தம்மா திரேஸ்புரத்திலிருந்து மீன்கூடையில் சுமந்து வந்த ஐஸ்கட்டிகளை அவர் தட்டைச் சுற்றி அடுக்கியிருக்கிறார். அறை முழுக்க மீன்வாடை. சிவப்பு விளக்கடியில் அவள் தட்டையே பார்த்து நிற்கிறாள். சங்கு குளிக்கப் போன புருஷன் கடலோடு போய் மாதம் ஒன்றாகிறது. நாளைப் பூசைக்கு வைக்க ஒரு படம் கிடையாது. புதுத் தோணி இறக்கிய அன்று இவர் எடுத்த கூட்டப் படத்தில், பாய்மரத்தை ஒட்டி நிற்பவர் என்று அடையாளம் சொல்லியிருந்தாள். கடுகளவு முகத்தை உள்ளங்கையளவு பெருக்கியிருக்கிறார். வெள்ளைத் தாளில் முதலில் மீசை எழுகிறது, பிறகு கண்கள், பிறகு நெற்றி.

"வந்துட்டாரு, பாரும்மா."

அவள் குனிகிறாள். கூடையிலிருந்து நீர் சொட்டுகிறது.

"இது எங்க கொழுந்தன், அண்ணாச்சி. அவுக மரத்துக்குப் பின்னால நிக்காக, மொகம் மறைஞ்சிட்டு. இந்தா, தம்பி தோளுல கெடக்கே, இது அவுக கை."

தாளின் ஓரத்தில், சுண்டுவிரல் பாதி அறுந்துபோன ஒரு கை.

"வேற படம் எதுவும்..."

"வேற ஏது? அந்தக் கையப் பெருசாக்கிக் குடுங்க."

அவர் தயங்குகிறார். அவள் கடைசிக் கட்டியை உடைத்துத் தட்டோரம் வைக்கிறாள்.

"சுருக்கா போடுங்க அண்ணாச்சி, ஐஸு கரையுது."