மூடியைக் காணோம்

"ஐயையோ, கோலத்தை மிதிச்சிராதீங்க தம்பி!"

கலைமகள் போட்ட சத்தத்தில், கடப்பாரையோடு வந்த மாநகராட்சி ஊழியர் பகலவன் ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். தஞ்சாவூரில் அவள் மெஸ் திறக்கும் நாள் அது. சங்கிலியை அடகு வைத்து வாங்கிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

பெரிய கோலம்தான். வாசலுக்கு நேராக இல்லாமல் நாலடி தள்ளி, தார் ரோட்டில் தாமரை விரிந்து கிடந்தது.

"என்னக்கா, ரோட்டுல போட்டிருக்கீங்க?"

"வாசல்ல போட்டா சாப்பிட வர்றவங்க மிதிப்பாங்கல்ல?"

நியாயம்தான். பகலவன் சுற்றிக்கொண்டு போனான்.

எதிர்வீட்டு ஹபீபுன்னிசாவின் பாத்ரூமில் இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை. பாதாளச் சாக்கடையில் அடைப்பு. அடைப்பு எடுக்கிற லாரி வந்துவிட்டது, ஆனால் மூடியைக் காணோம். போன மாதம் ரோடு போட்ட புண்ணியவான் மூடிக்கு மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போயிருந்தான்.

"மூடியத் தொறந்தா தெருவே நாறும்க்கா. மெஸ்ஸை நாளைக்குத் தொறக்கக் கூடாதா?"

"வேளாங்கண்ணி போற ரெண்டு வேனுக்குச் சொல்லியாச்சே தம்பி. பன்னெண்டு மணிக்கு வந்துருவாங்க."

"மேப்புல இங்கதான் காட்டுது" என்றார் இன்ஜினீயர் மதிவாணன். தோண்டினால் ஜல்லி. தள்ளித் தோண்டினால் மண். கோலத்தின் ஓரத்தைக்கூட யாரும் தொடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பாவம் யாருக்கு வேண்டும்? புகார் கொடுத்த ஹபீபுன்னிசாவோ, அவசரமே இல்லாமல் மெஸ்ஸில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

வேன்கள் வந்தன. முப்பது பேரும் வத்தக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். "திரும்பி வர்றப்பவும் இங்கதாங்க" என்று ஒரு டிரைவர் சொன்னதும் கலைமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேன்கள் கிளம்பியதும் மதிவாணனையும் பகலவனையும் கூப்பிட்டு இலை போட்டாள்.

"மூணு மணி நேரமாத் தேடுறோம்க்கா" என்றான் பகலவன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ரோட்டுல ஒரு இடம் பாக்கியில்ல."

பாயசம் வரைக்கும் பொறுமையாகப் பரிமாறினாள். அவர்கள் கை கழுவி வெளியே வந்தபோது, ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்த் தாமரையின் நடுவில் ஊற்றினாள்.

"கோலத்தை மிதிக்காம தேடுனா மூடி எப்படித் தம்பி கெடைக்கும்?"