நாய்த் தரகர்

"குட்டி கண்ணு தொறந்தா என்ன, தொறக்காட்டா என்ன? எனக்கு வேண்டியது மால், சரக்கு. நாளைக்குக் காலம்பற கடையில இருக்கணும்."

சொல்லிவிட்டுப் பஞ்சாபகேசன் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். புகையிலை போட்டு வழக்கமில்லை. தலை கிறுகிறுவென்று சுற்றியது.

முப்பிடாதியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறந்து பத்து நாளுகூட ஆவலயே ஐயா. தாய்ப்பால் இல்லாம செத்துப்போவுமே?"

"செத்தா வேற குட்டி! நாய்க்குச் சோறு வைக்கத்தானே சேட்டு உன்னை வச்சிருக்கார்? இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்! பஞ்சாபகேசன் உண்மையில் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். மாட்டுங்காவில் ஜீவகாருண்ய சங்கத்தின் காரியதரிசி. எறும்பை மிதித்துவிட்டால்கூட அன்று சாப்பாடு இறங்காத மனிதர்.

தாராவியில் எங்கோ ஓர் அறையில் வெள்ளைச் சடைநாய்களை அடைத்துவைத்து, ஈன்ற சூட்டோடு குட்டிகளைப் பறித்துக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. தமிழில் ஆயிரம் நோட்டீஸ் அடித்துத் தாராவி முழுக்கக் கொடுத்துப் பார்த்தார். ஈ காக்கை ஏனென்று கேட்கவில்லை. "கண்ணால பார்த்த சாட்சி வேணும் ஓய்" என்று சங்கத் தலைவர் கையை விரித்துவிட்டார்.

சரி, நாமே சாட்சி ஆகிவிடுவோம் என்று, விசாரித்து விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்து, கடையின் புதுத் தரகர் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். பெயர் கேட்டதற்கு நாணு என்றார். வீட்டில் ஆபீசுக்குப் போவதாகச் சொன்னதோடு சரி.

"நீங்களே உள்ள போயிப் பாத்துக்கிடுங்க" என்று முப்பிடாதியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே கால் வைத்ததுதான் தெரியும். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏம்மா! கதவைத் திற!"

"ஏங்க, ஓடியாங்க! ஆளு சிக்கிட்டான்!" அவள் தன் புருஷனைத்தான் கூப்பிட்டாள். திமுதிமுவென்று நாலைந்து பேர் ஓடிவரும் சத்தம் கேட்டது. கம்பு ஒன்று கதவில் தட்டியது.

பஞ்சாபகேசன் கதவை விட்டுப் பின்வாங்கினார். வேஷம் கலைந்துவிட்டதா? அடித்து உப்பங்கழியில் வீசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இருட்டு பழகியபோது சுவரோரம் ஆப்பிள் பெட்டிகள் தெரிந்தன. பெட்டிக்கு ஒரு நாய். நிற்க உயரமில்லை, திரும்ப அகலமில்லை. ஒரு தாய் நாய் பலகை இடுக்கு வழியாக நாக்கை நீட்டி அவர் விரலை நக்கியது. அந்தப் பயத்திலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்து கால் மணி நேரத்தில் தமக்கு மூச்சு முட்டுகிறது, இந்த ஜீவன்கள் வருஷக்கணக்காகக் கிடக்கின்றனவே!

அப்போதுதான் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தார். அவருடைய நோட்டீஸ்! நாலு மூலையும் சோற்றுப் பசை தடவி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. அடியில் கொட்டை எழுத்தில் அவர் பெயர், மாட்டுங்கா விலாசம்.

பேரை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள், பாவிகள்!

சட்டைப் பையில் சங்கத்தின் அடையாளச் சீட்டு இருந்தது. சோதனை போட்டால் தொலைந்தோம் என்று அதை நாலாகக் கிழித்துப் பெட்டிக்குள் போட்டார். பசியில் கிடந்த நாய் அதையும் மென்று விழுங்கிவிட்டது.

"ஓய்!" வெளியிலிருந்து ஓர் ஆண் குரல். முப்பிடாதியம்மாளின் புருஷன் பூலோகம். "மாட்டுங்கா பஞ்சாபகேசன் ஐயரத் தெரியுமா ஒமக்கு?"

"சத்தியமாத் தெரியாது! அப்படி ஒருத்தரை நான் கேள்விப்பட்டதே இல்லை!"

"தெரியாதா? இன்னைக்குத் தெரிஞ்சுக்கிடுவீரு!" குரல் அத்தோடு போய்விட்டது. யாரோ ஓடும் காலடி தேய்ந்து மறைந்தது.

உச்சி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. பஞ்சாபகேசன் தண்ணீர் கேட்டார், கெஞ்சினார், தமக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார். கதவு அசையவில்லை. கடைசியில் நாய்ப் பெட்டி மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணி வாக்கில் பூலோகத்தின் குரல் மறுபடி கேட்டது. ஆள் மூச்சிரைக்கப் பேசினான்.

"ஐயரு ஆபீசுக்குப் போயிட்டாருன்னு வீட்டம்மா சொன்னாவ. ஆபீசுக்கு ஓடுனா, இன்னைக்கு அவரு வரவே இல்லங்கான்!"

பஞ்சாபகேசன் திடுக்கிட்டு எழுந்து, கதவில் காதை வைத்தார்.

"தரகன் வந்தா விட்டுராதீக, எனக்குச் சொல்லி அனுப்புங்கன்னு அவருதான நோட்டீசுல போட்டிருக்காரு?" என்றாள் முப்பிடாதியம்மாள். "அந்தப் பஞ்சாபகேசன் ஐயரு நேர்ல வந்து நிக்காம, இந்தக் கதவ நான் தொறக்க மாட்டேன்!"