வெள்ளை முடிக்கு லேசர்

"இதுக்கு லேசர் பிடிக்காதும்மா," என்றாள் லேசர் போடும் பெண், விளக்கைத் தாடைக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு.

படுத்திருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். தாடைக்குக் கீழே இருபது முப்பது முடி. அத்தனையும் நரைத்துப் போயிருந்தது. கருப்பு என்று தேடினால் நாலைந்து தேறும்.

"பிடிக்காதுன்னா?"

லேசர் கருப்பைத்தான் பிடித்துக்கொண்டு வேருக்கு இறங்கும், வெள்ளை முடி அதன் கண்ணிலேயே படாது என்று விளக்கினாள். இருக்கிற கருப்பும் ஒரே நாளில் போய்விடாது, மாதம் ஒரு தடவை என்று எட்டுத் தடவையாவது வரவேண்டும். ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல் வலிக்கும், பொசுங்கின வாடை வரும், ஒரு நாள் சிவந்திருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வெள்ளை முடி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதைக் கேட்டால் எவளும் எழுந்து போய்விடுவாள். இந்த அம்மாளோ, கண்ணில் லேசர் படாமலிருக்கப் பக்கத்தில் வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள்.

"பரவாயில்ல. நீ போடு."

வீண் வேலை என்று லேசர் போடும் பெண் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். இன்றைக்கே போட்டாக வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்தாள் அந்த அம்மாள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் போன் அடித்தது. கறுப்புக் கண்ணாடியோடு தடவித் தடவி எடுத்தவள் எதையோ அமுக்கிவிட, பேச்சு அறை முழுக்கக் கேட்டது. நாத்தனார் போலிருக்கிறது.

"எங்க இருக்கீங்க அண்ணி? அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே கிடக்கா உங்க பொண்ணு. அண்ணனைக் கேட்டா, முடி எடுக்கப் போயிருக்கீங்கங்கறாரு. பெத்த பொண்ணை ஆஸ்பத்திரியில போட்டுட்டு மூஞ்சிக்குப் பாலிஷ் கேக்குதா உங்களுக்கு?"

அரை மணியில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள் அம்மாள்.

லேசர் போடும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் தன் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டதற்கே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே ஒருத்தி நரைத்த முடிக்குச் சண்டை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"பொண்ணுக்கு என்ன?"

"ரத்தத்துல கேன்சர். போன வாரம் டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

"அப்படியிருக்கறப்போ இங்க வந்து படுக்க எப்படிம்மா மனசு வந்துச்சு உங்களுக்கு?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். அழுது ஓய்ந்த கண்கள்.

"எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாதும்மா. ஏழெட்டு வருஷமா, ஞாயித்துக்கிழமையானா அவதான் என் தலையை மடியில போட்டுக்கிட்டு இதைப் பிடுங்கி விடுவா. 'ஏ தாடிக்காரி, ஆடாம படு'ன்னு அதட்டல் வேற. இப்ப கையைத் தூக்கவே அவளுக்குத் தெம்பில்ல. தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 'எனக்கப்புறம் உனக்கு யாரும்மா பிடுங்கி விடுவா'ன்னுதான் அழறா. லேசர் போட்டா முடியே வராதுன்னு யாரோ சொன்னாங்களாம். படுத்தபடியே போன் பண்ணி இங்க நேரம் வாங்கினா."

லேசர் போடும் பெண்ணால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆனா வெள்ளை முடி போகாதேம்மா," என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

"அது அவளுக்குத் தெரிய வேணாம். முடி போகப் போக உதிரும்னு சொல்லிக்கிறேன். தாடை கொஞ்சம் சிவந்திருந்தா, அம்மா போட்டுக்கிட்டா, இனிமே கவலையில்லன்னு நம்பிடுவா."

லேசர் போடும் பெண் மெஷினைப் போட்டாள். இருந்த நாலைந்து கருப்பு முடிகள் ஒவ்வொன்றாகப் பொசுங்கின. அம்மாள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. எழுந்ததும் கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்பு நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டாள்.

லேசர் போடும் பெண் நோட்டை எடுத்தவள், பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"அடுத்த மாசம் எந்தத் தேதி எழுதட்டும்மா?"

"அடுத்த மாசம் வேணாம்மா. அவ பார்க்கறதுக்கு இந்த ஒரு தடவை போதும்."