நீலச் சட்டைக்காரன் வரவில்லை

சைக்கிள் பந்தயக்காரர்கள் கூட்டமாக மலையிறங்கும் ஓசையை வெகுகாலத்துக்கு முன்பு கேட்டேன். காற்றில் வாகை நெற்றுகள் குலுங்குவது போல இருந்தது.

அந்த மலைச்சாலையின் வளைவுச் சுவரில் ஒரு குரங்கும் ஒரு காகமும் உட்கார்ந்து பந்தயம் பார்த்தன.

“உன் நீலச் சட்டைக்காரன் என்றைக்காவது ஜெயித்திருக்கிறானா?” என்றது குரங்கு. “மலையேறும்போது பார்த்தேனே, மஞ்சள் சட்டைத் தலைவனுக்கு முன்னால் குனிந்துகொண்டு எதிர்காற்றைத் தின்கிறான்.”

“தன் அணித் தலைவனுக்குக் காற்று மறைப்பதுதான் அவன் வேலை. உனக்கு எங்கே புரியப்போகிறது?” என்றது காகம்.

தலைவன் கடந்து போனான். மற்றவர்களும் போனார்கள். நீலச் சட்டைக்காரன் மட்டும் வரவில்லை. மேல் வளைவில் சுவர் கிடையாது, பள்ளம்தான்.

குரங்கு எழுந்து நின்று மேல் வளைவை எட்டிப் பார்த்தது. பிறகு, “போய்ப் பாரேன்” என்றது மெல்ல.

காகம் பறந்து போய்த் திரும்பி வந்தது. “தலைவனுக்கு டயர் பஞ்சராம். நம்மாள் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். வேறு சக்கரம் வரும்வரை கல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிறான்.”

குரங்கு நீளமாக மூச்சு விட்டது. “முழுப் பழத்தையுமா?” என்றது. உடனே, “இறக்கத்தில் போய்ச் சக்கரத்தைக் கொடுப்பானா? சுத்தத் தப்பு” என்று மறுபடி ஆரம்பித்தது. காகம் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நீலச் சட்டைக்காரன் அன்று கடைசியாக வந்து சேர்ந்தான்.