கண்ணாடிக்கு உள்பக்கம்

"ராத்திரியானா எங்கேடா போறே? முதல்ல அதைச் சொல்லு. உன் காடியை அப்புறம் பார்ப்போம்!"

ஜெலுத்தோங்கில் தன் கார் வொர்க்‌ஷாப் நடுவே நின்று போனைப் பார்த்துக் கத்தினார் திருநாவுக்கரசு. வீடியோ காலில் மகன் கோகிலன். இங்கே சாயங்காலம் நாலு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவன் இருக்கும் இங்கிலாந்தில் காலை எட்டு மணி. பல் கிடுகிடுக்க நின்றான்.

"அப்பா, ப்ளீஸ்லா. காடி ஸ்டார்ட் ஆகல. இந்த மாசம் ரெண்டு தடவை லேட். இன்னிக்கும் லேட்டானா வேலை போயிடும்."

"போகட்டும்! ஊர் சுத்துறவனுக்கு எதுக்கு வேலை?"

பக்கத்தில் நின்ற தங்கை ரமணி விடவில்லை.

"நல்லா கேளுண்ணே! என் மகனைத் தனியா ரூம்ல போட்டுட்டு, பத்து மணியானா இவன் கிளம்பிடுறானாம். கேட்டா, ஃப்ரெண்டு வீடாம். எவ வீடோ! இதுக்கு மேல கேட்டா எனக்குப் பிரஷர் ஏறும்."

எதிர்க்கடைக்குக் கோப்பி வாங்கப் போய்விட்டாள்.

அவள் மகன் குகன் அங்கே படிக்கப் போய் ஒரு மாதம் ஆகிறது. "அத்தை மகன்டா, உன்கூடத்தான் தங்குவான்" என்று திருநாவுக்கரசு இங்கிருந்தே உத்தரவு போட்டார். கோகிலன் என்னமோ சொல்ல இழுத்தான். இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தங்கைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

கோபம் கோபமாக இருந்தாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"பட்டனை அமுக்கு. என்ன ஆகுது?"

"டிக் டிக்குன்னு சத்தம். விளக்கெல்லாம் மங்குது. ஹைபிரிட் காடியாச்சே, அந்தப் பெரிய பேட்டரி போயிருச்சோ?"

"மண்ணாங்கட்டி! உசுப்பி விடறதுக்குன்னு சின்ன பேட்டரி தனியா இருக்கு. குளிர்ல அதான் படுத்திருக்கும். டிக்கியிலதான் இருக்கும், பின்கதவைத் திற."

"திறக்கலப்பா."

"கரண்டு இல்லாம எப்படிடா திறக்கும்? உள்ளே ஏறி, பின்சீட்டைத் தாண்டிப் போ. கேமராவைக் காட்டு."

"வேணாம்பா, நானே பாத்து..."

"காட்டுடா!"

கோகிலன் ஏறினான். போனைக் கீழே பார்த்தே பிடித்திருந்தான். ஒரு நொடி ஜன்னல் தெரிந்தது.

"நில்லு! அந்தப் பனி கண்ணாடிக்கு வெளியவா, உள்ளேயா? தேய்ச்சுக் காட்டு."

விரலால் தேய்த்தான். கோடு விழுந்தது.

திருநாவுக்கரசுக்கு ரத்தம் கொதித்தது.

"யாருகிட்டடா கதை விடறே? மழை நாள்ல ஆள் உக்காந்திருந்த காடிதான் உள்பக்கம் வேர்க்கும். முப்பது வருஷமா பாக்கறேன். ராத்திரி முழுக்க இதுக்குள்ள மூச்சு விட்டிருக்கீங்க. யாருடா அவ? திருப்புடா கேமராவை!"

திருப்பினான்.

மடக்கிய சீட்டின்மேல் ஒரே ஒரு தலையணை. மூன்று போர்வை. கொக்கியில் தேய்த்த சட்டை. குவளையில் பல் பிரஷ். சார்ஜரில் சொருகிய சின்ன விளக்கு. அதுதான் ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடித்திருக்கிறது.

"என்னடா இது?"

"ஒரு ஆளுக்கு மேல தங்கக்கூடாதுன்னு ரூம் ஓனர் கண்டிஷன்பா. அன்னிக்கே சொல்ல வந்தேன். குகனை வெளிய அனுப்பினா நீங்க குடுத்த வாக்கு என்னாகும்? அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அத்தைகிட்டயும் சொல்லிடாதீங்க."

திருநாவுக்கரசு போனைக் கண்ணருகே கொண்டுவந்தார்.

"பக்கத்து வீட்டுக் காடியில இருந்து கரண்டு எடுக்கலாம், கேபிள் கேட்டு வாங்குப்பா. எங்கே மாட்டணும்னு நான் சொல்றேன்."

பத்து நிமிடத்தில் காடியின் 'ரெடி' விளக்கு எரிந்தது. "தேங்க்ஸ்பா" என்று காடியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

ரமணி கோப்பியோடு திரும்பி வந்தாள்.

"என்னண்ணே, கேட்டியா? அந்தக் காடியில என்னதான் கோளாறாம்?"

கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார் திருநாவுக்கரசு.

"கோளாறு காடியில இல்ல, ரமணி. உனக்கு நான் வாக்குக் குடுத்தேன் பாரு, அதுலதான்."