சுவரொட்டிக்குப் பின்னால் இருந்த பசை

கூட்டுறவுப் பண்டகசாலைச் சுவரில் அன்று காலையில்தான் அந்தச் சுவரொட்டியை ஒட்டினார்கள். 'உணவில் கலப்படமா? விடாதீர்கள், புகார் செய்யுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பசை காய்ச்சும் கான்ட்ராக்ட் பண்டகசாலைத் தலைவரின் மச்சானுக்கு.

அந்தத் தெருவில் சுவரொட்டி தின்றே வளர்ந்த செவலைப் பசு ஒன்று வந்து ஓரத்தை நக்கிப் பார்த்தது. உடனே முகத்தைச் சுளித்தது.

"ஐயா, உங்க பசையில மைதாவே இல்லையே. முக்கால்வாசி சுண்ணாம்பு. நாக்கு வெந்துபோச்சு."

சுவரொட்டி தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஆகா, விழிப்புணர்வு வந்துவிட்டது! மிக்க மகிழ்ச்சி. பசை வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா?"

"மாட்டுக்கு யாருங்க ரசீது குடுப்பாங்க?"

"ரசீது இல்லாவிட்டால் நீ நுகர்வோரே இல்லை. வெறும் மாடு. தள்ளி நில், பொதுமக்கள் படிக்க வேண்டும்."

பசு எதிர்ப்பக்க நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியதும் சுண்ணாம்பு காய்ந்து பொருக்குவிட்டது. சுவரொட்டியின் மேல்மூலைகள் இரண்டும் கழன்றன. தலைகீழாக மடிந்து தொங்கிய சுவரொட்டி, கீழே ஓடும் சாக்கடையைப் பார்த்ததும் அலறியது.

"ஐயோ, பசையில் கலப்படம்! அம்மா, தாயே, கொம்பால் கொஞ்சம் தாங்கிப் பிடி. உடனே புகார் செய்ய வேண்டும்!"

பசு சாவகாசமாக எழுந்து வந்தது.

"அதுக்கென்ன, தாராளமா செய்யலாம்," என்றது. "ரசீதை எடுங்க."